முங்கல் அண்ணனின் ஆமை

தெர்மாகோலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்பது உலக நியதி. அந்த நியதியை ராயபுரத்தில் வைத்து உடைத்துக் காட்டிய ஒரே மனிதர் முங்கல் அண்ணன்தான்.

ஒரு கிறிஸ்துமஸுக்குத் தெர்மாகோலில் ஆளுயர நட்சத்திரம் செய்து, கலர் லைட் போட்டு, கடலில் மிதக்க விடுவதாகத் தெருவுக்கே அறிவித்தார். விட்டார். நட்சத்திரம் எரிந்துகொண்டே அழகாக அடிக்குப் போனது. லைட்டுக்காக லாரி பேட்டரியை அடியில் கட்டியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த மழைக்குத் தெருவில் தண்ணீர் தேங்கியபோது வாட்டர் கேன்களைக் கட்டிப் பரிசல் செய்தார். பால் வாங்கப் போகவேண்டிய இருவர் நம்பி ஏறினார்கள். பத்தடி போவதற்குள் பரிசல் முழுகியது. முழங்கால் தண்ணீர்தான் என்பதால் இருவரும் எழுந்து நடந்து போய்ப் பால் வாங்கினார்கள். அன்றிலிருந்து ஞானஸ்நானப் பெயர் மறைந்து, அவர் முங்கல் ஆனார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் தொழிலே ஓட்டை அடைப்பதுதான். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. காலிக் கண்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நிற்பார். எங்கே வெளிச்சம் எட்டிப் பார்க்கிறதோ அங்கே ஓட்டை. வெளியே வந்து அடைப்பார். யார்டில் அவர் அடைத்த கண்டெய்னர் ஒழுகியதாகப் புகாரே கிடையாது. வீட்டுக்கு வந்து சொந்தமாக எதையாவது செய்தால்தான் ஒழுகும்.

இதைவிட வேடிக்கை, அவர் கடலோடிக் குடும்பம். அப்பா, அண்ணன் தம்பிகள், மனைவியின் தம்பி அருள் வரை எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அண்ணனுக்கு மட்டும் படகில் கால் வைத்தால் வாந்தி. கட்டிப்போட்ட படகிலும் வாந்தி. விசைப்படகு ஓட்டுகிற அருள், கல்யாணம் சாவு எங்கே பார்த்தாலும், "மாமா, கடல் போட்டோ ஒண்ணு காட்டட்டா, தாங்குவியா?" என்பான். அண்ணன் சிரித்துவிடுவார். ஆனால் அன்றைக்குச் சோறு கொஞ்சம்தான் இறங்கும்.

அந்த வீட்டு மாடியில் நான் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் போனை நீட்டியபடி மேலே ஏறி வந்தார்.

"நைனா, இத்தப் பாரு. எனக்கு இன்னா வருது? முங்கறது வருது. மிதக்கறத ஏன் செஞ்சிகினு பேஜாராவணும்? முங்கறதையே செஞ்சிட்டா?"

போனில் ஒரு வீடியோ. இருநூற்றைம்பது வருஷம் முன்பு அமெரிக்காவில் செய்த நீர்மூழ்கிக் கப்பல். இரண்டு ஆமை ஓடுகளை வாயோடு வாய் வைத்து ஒட்டியது போல மரத்தில் ஒரு முட்டை. உள்ளே ஒரே ஓர் ஆள் உட்கார்ந்து, கையாலேயே சுற்றிச் சுற்றி ஓட்டவேண்டும். பெயரும் ஆமைதான். எதிரிக் கப்பலுக்கு அடியில் போய் வெடி வைக்கப் புறப்பட்டு, வைக்க முடியாமல் திரும்பியதாம்.

"அண்ணே, இது தோத்துப்போன கப்பலாச்சே?"

"அத்தொட்டுதான் புட்ச்சிருக்கு" என்றார். "நம்ம ஆளு."

அதே மாதிரி ஒரு சின்ன ஆமையை ரிமோட்டில் ஓடவிடுவது திட்டம். ஆனால் அவர் மனைவி வயலட் அக்கா வாசலிலேயே மறித்துவிட்டார். "ஆமை பூந்த வூடு உருப்புடாதுன்னு ஊரே சொல்லுது. என் வூட்டாண்ட ஆமைன்ற பேச்சே வரக்கூடாது, ஆமா!"

அண்ணன் யோசித்தார். பிறகு பெட்டியும் படுக்கையுமாக ஆமை என் அறைக்கு வந்தது.

"என் வீடு மட்டும் உருப்பட வேண்டாமா அண்ணே?"

"உனுக்கு இன்னும் கல்யாணமே ஆவல. உருப்புடாம போறதுக்கு உங்கிட்ட இன்னா கீது?"

அறைச் சாவியைக் கொடுத்தேன்.

ஆமையின் உடம்புக்கு உருண்டையாக இரண்டு பாத்திரம் தேவைப்பட்டது. வயலட் அக்கா சாயங்காலம் தெருமுனையில் மீன் வறுத்து விற்பவர். அவருடைய பெரிய அலுமினிய வடச்சட்டிகள் இரண்டும் ஒரே நாளில் காணாமல் போயின. அக்கா வாசலில் நின்று திருடனைச் சபித்தார். "அவன் கை வெளங்குமா?" என்பார். பக்கத்தில் நின்ற அண்ணன், "வெளங்காது" என்பார். "அவன் மூஞ்சி ஒரு மூஞ்சியா?" "கலீஜு மூஞ்சி." இப்படித் தன்னையே சளைக்காமல் திட்டிவிட்டு, மாடிக்கு வந்து சட்டியின் கைப்பிடியை அறுப்பார். அக்கா அந்த வாரம் முழுக்கத் தோசைக்கல்லில் வஞ்சிரம் வறுத்தார்.

இரண்டு சட்டியையும் கவிழ்த்து ஒட்ட, நடுவில் சைக்கிள் டியூபும், யார்டில் ஓட்டை அடைக்கிற பசையும். உள்ளே உடைந்த பொம்மைக் காரின் மோட்டார்கள். தண்ணீரை இழுத்துக் கனமாகி முழுகவும், துப்பிவிட்டு மேலே வரவும், மாட்டுக்கு ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சு ஒன்று. முன்பக்கம் கண்ணாடி வட்டம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அதற்கு லுங்கி கட்டி, மார்க்கர் பேனாவால் மீசையும் வரைந்தார். முறுக்கிய, வலது பக்கம் சற்று இறங்கிய மீசை. அதே மீசை என் எதிரே உட்கார்ந்து பேனாவை மூடிக்கொண்டிருந்தது.

மாடியில் டிரம்மில் தண்ணீர் நிரப்பிச் சோதனை. ஆமையை விட்டார். ரிமோட்டை அழுத்தினார். சிரிஞ்சு இழுத்தது. ஆமை மிதந்தது. கையால் அமுக்கினார். அமுங்கி, மேலே வந்து, மிதந்தது. வாழ்க்கை முழுக்க எல்லாவற்றையும் மூழ்கடித்த மனிதர், முழுகுவதற்கென்றே ஒன்றைச் செய்தார். அது முழுக மறுத்துவிட்டது! அண்ணன் டிரம்மைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"நைனா, என் கையில இன்னாமோ ஆயிப்போச்சு."

வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கி வந்து, அடியில் கோத்துக் கோத்து, ஒருவழியாக அது முழுகியபோது நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். கீழே வயலட் அக்கா, மேலே என்ன இழவு என்று கேட்டார்.

மிச்சம் ஒரு சிக்கல். உப்புத் தண்ணீருக்குள் ரிமோட் சிக்னல் போகாது. அதனால் ஆமையின் தலையிலிருந்து நீளமாக ஒரு வயர். வயர் நுனியில் மேலே மிதக்கிற தெர்மாகோல் உருண்டை. ரகசியமாகப் போகவேண்டிய கப்பலுக்கு மேலே ஊருக்கே தெரிகிற வெள்ளைப் பந்து. பத்திரத்துக்கு ஒரு கயிறும் கட்டலாமே என்றேன்.

"ரிமோட்டு கீறப்ப கயிறு இன்னாத்துக்கு? இது ஆமையா, நாய்க்குட்டியா?"

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மீன்பிடித் துறைமுகத்தில் அலையில்லாத ஒரு மூலைக்குப் போனோம். செய்தி எப்படியோ பரவி, அருள் தன் படகு ஆட்களோடு வந்து நின்றான். "மாமா, ஆமைக்கு வாந்தி வருமா?"

அண்ணன் ஆமையை இறக்கினார். அழுத்தினார். ஆமை மெல்லத் தலையாட்டியது, கண்ணாடி வட்டம் தண்ணீருக்குள் போனது, லுங்கி கட்டிய மாலுமி மறைந்தார். வெள்ளைப் பந்து மட்டும் தண்ணீர் மேல் நகர்ந்தது, திரும்பச் சொன்னால் திரும்பியது. படகு ஆட்கள் விசிலடித்தார்கள். அருள்கூட வாயைப் பிளந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு ஃபைபர் படகு குறுக்கே போனது. வயர் அறுந்து, பந்து படகோடு போய்விட்டது. ஆமை வரவில்லை.

அண்ணன் ரிமோட்டை அழுத்தினார், உதறினார், முத்தமிட்டார். பிறகு கரையோரம் ஓட ஆரம்பித்தார். "ஐயோ, என் ஆமை! என் ஆமையப் பாத்தீங்களா?"

ஒரு பெரியவர் அவர் வாயைப் பொத்தினார். "கத்தாத நைனா. ஆமைய வச்சிருந்தா கேஸு."

அவர் சொல்லி முடிக்கவில்லை, கடல் ஆமைகளைக் காப்பது பற்றி மீனவர்களிடம் பேச வந்திருந்த வனத்துறைக்காரர் ஒருவர் எதிரே நின்றார்.

"ஆமை உங்களோடதா?"

"ஆமா சார். நானே உருவாக்குனேன்."

"எவ்வளவு நாளா வளக்கறீங்க?"

"ஆறு மாசமா சார். மாடில, இந்தத் தம்பி ரூம்ல."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"என்ன சாப்பாடு கொடுத்தீங்க?"

"நாலு பேட்டரி சார். புல் சார்ஜு."

அதிகாரிக்கு முகம் சிவந்தது. "ஆணா, பெண்ணா?"

"உள்ள ஒரு ஆம்பள குந்திகினு கீறான் சார்" என்று சொல்லும்போதே அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. "அவன்தான் சார் பாவம். நீச்சல் தெரியாது."

இதற்குமேல் தாங்காமல் அருள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதித்தான். ஒருமுறை முங்கி வெறுங்கையோடு வந்தான். மறுபடி முங்கினான். மூன்றாவது முறை தோளில் சேறு வழிய ஆமையோடு வந்து அதிகாரியின் காலடியில் வைத்தான். அவர் குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார். டங் என்றது.

அதே நேரம், புருஷன் ஆமையோடு பிடிபட்டான் என்ற சேதி கேட்டு வயலட் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட்டத்தை விலக்கி உள்ளே வந்தவர் அண்ணனைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார்.

"என் வடச்சட்டி!"

அதிகாரி, "அம்மா, இது உங்களோடதா?" என்றார்.

"பின்ன, என்ன ஆமையோடதா?"

அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சிரிப்பை அடக்கியபடி நடந்து போய்விட்டார். போலீஸ், கேஸ் எல்லாம் அதோடு முடிந்தது. ஆனால் அக்கா அங்கேயே நின்றார். கூட்டமே மூச்சைப் பிடித்தது. அடுத்து உடையப்போவது ஆமையா, அண்ணனா என்பதுதான் கேள்வி.

கண்ணாடி வட்டத்தைத் துடைத்து உள்ளே எட்டிப் பார்த்த அருள் மெதுவாகச் சொன்னான்: "மாமா, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

அண்ணன் தரையில் படுத்துப் பார்த்தார். லுங்கி நனையவில்லை. மீசை கலையவில்லை. கடலுக்கு அடியில் போய்வந்த அந்தச் சின்ன மனிதன் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான்.

"வாந்தியே எடுக்கல, பாரு மச்சான்" என்றார் அண்ணன். அருள் ஈரக்கையை அவர் தோளில் போட்டான்.

வயலட் அக்காவும் குனிந்து பார்த்தார். "மீசைய மட்டும் ஒயுங்கா வரஞ்சி வச்சிகீற" என்றார். பிறகு ஆமையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அன்று ஆமை புகுந்தது கீழ்வீட்டுக்குள்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி வேளச்சேரிப் பக்கம் குடிவந்தேன். பள்ளமான தெரு. மழை பிடித்தால் முதலில் வருவது அண்ணனின் போன்தான். "நைனா, உங்க ஏரியால தண்ணி நின்னுகினு கீதாமே? எவ்ளோ ஆயம்?" நான் நலமா என்ற கேள்வி கிடையாது. இடுப்பளவு என்றால் ரயில் மாறி ஆமையோடு வந்துவிடுவார். கரண்ட் இல்லாத தெருவில், பால்கனி பால்கனியாக ஜனங்கள் நின்று கைதட்ட, மூழ்கிய ஸ்கூட்டர்களுக்கு இடையே ஆமை நீந்தும்.

இந்த வருஷம் மழை தள்ளிப் போகிறது. தெருவில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். நான் மட்டும் தினமும் காலையில் எழுந்து மேகத்தைப் பார்க்கிறேன்.