ஃபேனை நிறுத்திய மருமகள்

"ஃபேனை எவ நிறுத்துனது?"

உமையாள் போட்ட சத்தத்தில் கூடத்தில் நடந்துகொண்டிருந்த ஒப்பாரி பாதியில் நின்றது.

சித்திரை மாதம். ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடுகிற ஊர். கூடத்து நடுவில் பெஞ்சில் பொன்னுச்சாமியைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் காப்பியோடு போய் எழுப்பிய மருமகள் நாகஜோதிக்கு அவர் பதில் சொல்லவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார். இப்போது அவரைச் சுற்றி உறவும் ஊரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, கண்ணீர் எது வேர்வை எது என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்துக்கு இருந்ததே ஒரு ஃபேன். அதுவும் பொன்னுச்சாமியின் தலைக்கு நேர் மேலே சும்மா தொங்கியது.

நிறுத்தியவள் நாகஜோதிதான்.

தை அறுப்பு முடிந்த சமயம், சாப்பிட்டுக்கொண்டிருந்த பொன்னுச்சாமி திடீரென்று, "ஏத்தா, நான் போயிட்டேன்னா என் கண்ணை எடுத்துக் குடுத்துருங்க. உம் புருசன்ட்டச் சொன்னா இப்பவே அழுதுருவான். நீதான் பாத்துச் செய்யணும்" என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவர் அவளிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போகிற மனிதர். அவர் கேட்டதைச் செய்யாமல் விட்டால் இந்த வீட்டில் இனி எப்படி நிம்மதியாகச் சோறு பொங்குவது?

அவர் போய்விட்டார் என்று தெரிந்ததுமே கண் வங்கிக்குப் போன் செய்தாள். போனை எடுத்த சூஃபியா என்ற பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"இமையை மூடி ஈரப் பஞ்சு வைங்கக்கா. தலைக்கு ஒரு தலையணை குடுங்க. மேல ஓடுற ஃபேனை மட்டும் கண்டிப்பா நிறுத்திருங்க, காத்துப் பட்டா கண்ணு காஞ்சிரும். ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். ராமநாதபுரத்துலருந்து இந்தா கிளம்பிட்டோம்."

புருஷன் வசந்தகுமாரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பியபடியே தலையாட்டினான். "அய்யா சொல்லியிருந்தா செஞ்சிருவோம். கையெழுத்து நான் போடுறேன். ஆனா அத்தைட்ட நீயே சொல்லிரு" என்றான். அப்புறம் ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்யப்போகிறேன் என்று வெளியே போனவனை இன்னும் காணவில்லை.

அத்தை என்பது பொன்னுச்சாமியின் தங்கை உமையாள், நாகஜோதிக்குச் சின்னம்மா முறை. அவளிடம் சொல்வதுதான் பாடு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் கமுதியில் ஒரு உறவுக்காரர் சாவில் யாரோ கண் தானம் என்று பேச்செடுத்தபோது, "கண்ணில்லாமப் போனா மேல போற வழியை யாரு காட்டுவா?" என்று அவள் கத்திய கத்தலில், வந்த டாக்டர் வாசலோடு திரும்பிப் போயிருந்தார். அந்தக் கதையை நாகஜோதி கல்யாணமாகி வந்த வாரமே கேட்டுவிட்டாள். ஆகவே வண்டி வந்து வாசலில் நிற்கிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

"உன்னத்தான் கேக்குறேன். ஃபேன் ஏன் ஓடல?" உமையாள் நாகஜோதியின் முன்னால் வந்து நின்றாள்.

"கரண்டு போயிருச்சு சின்னம்மா."

உமையாள் காதைத் தீட்டினாள். "அப்ப அடுப்படியில ஃபிரிட்ஜு உறுமுதே, அதை யாரு உள்ள உக்காந்து சுத்துறா?"

பின்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "மாமனாரு போன அன்னிக்கே கரண்டு பில்லைப் பாக்குறா பாத்தியா" என்றாள். ரகசியமாகத்தான் சொன்னாள், ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. நாகஜோதிக்கு முகம் எரிந்தது.

"இல்ல சின்னம்மா, ஃபேன்ல கோளாறு. சுவிட்சைத் தொட்டா ஷாக்கடிக்குது."

சொல்லிய பிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தாள். பங்காளி வீட்டு முத்துகிருஷ்ணன். அந்த வட்டாரத்தில் மோட்டார், ஃபேன் எதுவானாலும் அவன்தான் கை வைக்க வேண்டும்.

"ஷாக்கா? துக்க வீட்டுல அப்படி விடலாமா? நகருங்க" என்று எழுந்தான்.

"வேணாம் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்."

"பெரியப்பாவுக்கு இதைக்கூடச் செய்யலேன்னா நான் என்ன மனுசன்?"

ஸ்டூலைப் போட்டு, பெரியப்பாவின் தலைமாட்டிலேயே ஏறி நின்றான். திருப்புளியால் இரண்டு இடத்தில் தட்டினான். இறங்கி சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுழன்றது. கூடமே "அப்பாடா" என்றது. நாகஜோதிக்கு மட்டும் அந்தக் காற்று நெஞ்சில் மண் அள்ளிப் போட்டது போல் இருந்தது.

"ஒரு கோளாறும் இல்லையே" என்றான் முத்துகிருஷ்ணன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

உமையாள் அதோடு விடவில்லை. "இதென்ன, செத்தவருக்குத் தலையணை?" என்று உருவி எடுத்தாள். "கண்ணுல என்னடி பஞ்சு? மூக்குலதான வைப்பாக?"

"சூடு தணியட்டும்னு வச்சேன் சின்னம்மா."

"இனிமே அவருக்கு என்னடி சூடு?" என்று சொல்லும்போது உமையாளின் குரல் உடைந்தது. பஞ்சை எடுக்கப் போன கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாகஜோதிக்கு அழுகை முட்டியது. ஆனால் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அழ நேரமில்லை.

கொல்லைப்புறமாகச் சுற்றி வந்தாள். மீட்டர் பலகையில் வீட்டுக்கே கரண்டு விடுகிற ஃபீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகி, மேலே முந்தானையைப் போட்டு மூடினாள். உள்ளே ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜும் சேர்ந்து அடங்கியது. இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

கண் வங்கி வண்டி இல்லை. ஐஸ் பெட்டி.

வசந்தகுமார் முன்னால் குதித்து, "பிளக் எங்கன இருக்கு? சீக்கிரம் மாட்டுங்க" என்றான்.

"கரண்டு இல்ல" என்றார்கள் நாலு பேர்.

"பக்கத்து வீட்டுல ஃபேன் ஓடுதே?"

முத்துகிருஷ்ணன் பின்பக்கம் ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்தான். "அத்தை, ஃபீஸ் கட்டையைக் காணோம்! எவனோ பிடுங்கிட்டுப் போயிட்டான்!"

உமையாள் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். "சாவு வீட்டுல களவாண்டு திங்கிறவன் விளங்குவானா? அவன் கை விளங்குமா? அண்ணன் உடம்பு இந்த வெக்கையில என்னத்துக்கு ஆகும்!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். கட்டையின் முனை நாகஜோதியின் இடுப்பில் குத்தியது. ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால் கண்ணுக்கும் நல்லதாகத்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவள் புத்தியில் உறைத்தது. ஆனால் இத்தனை சாபத்துக்குப் பிறகு கட்டையை எப்படி வெளியே எடுப்பது?

இந்தக் கலவரத்தில் பஞ்சு காய்ந்திருக்குமே என்ற பயம் வேறு. செம்புத் தண்ணீரோடு மாமனாரிடம் போனாள். அவசரத்தில் கொஞ்சம் கூடவே ஊற்றிவிட்டாள். பஞ்சை அமுக்கி வைத்துவிட்டு நகர்ந்தாள்.

ஸ்டூலை எடுக்க வந்த முத்துகிருஷ்ணன் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

"அத்தை... பெரியப்பா அழுகுறாரு."

"என்னலே சொல்ற?"

"கண்ணுலருந்து தண்ணி வருது அத்தை! உசுரு இருக்கு!"

கூடம் கலகலத்துப்போனது. ஒருவன் டாக்டரைக் கூப்பிட ஓடினான். ஒருத்தி உள்ளங்காலைத் தேய்த்தாள். ஐஸ் பெட்டிக்காரன் பெட்டியைச் சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்த்தினான். வசந்தகுமார், "அய்யா, அய்யா" என்று பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

உமையாள் மட்டும் சத்தம் போடவில்லை. மெல்ல வந்து அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அவர் கன்னத்தில் இறங்கிய தண்ணீரைப் பார்த்ததும் அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி மலர்ந்தது. "அண்ணே, நான்தான்ணே வந்திருக்கேன். என்னைப் பாருண்ணே" என்றாள்.

நாகஜோதியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எவ்வளவு திட்டு வேண்டுமானாலும் வாங்கலாம். செத்துப்போன அண்ணன் பிழைத்துவிட்டான் என்று ஒருத்தியை நம்பவைக்கிற பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது?

"சின்னம்மா, அது நான் ஊத்துன தண்ணி."

உமையாள் நிமிர்ந்தாள்.

"மாமா போயிட்டாரு சின்னம்மா. காலையிலேயே போயிட்டாரு." இடுப்பில் இருந்த ஃபீஸ் கட்டையை எடுத்து எல்லோரும் பார்க்கத் தரையில் வைத்தாள். "ஃபேனை நிறுத்துனதும் நான்தான், இதைப் பிடுங்குனதும் நான்தான். தன் கண்ணை யாருக்காவது குடுத்துரச் சொல்லி மாமா என்கிட்டக் கேட்டாரு. காத்துப் பட்டா கண்ணு வீணாயிரும்னு சொன்னாக. உங்களுக்குப் பயந்துக்கிட்டு இம்புட்டும் பண்ணிட்டேன். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. அவரு கேட்டதை மட்டும் தடுத்துராதீக."

வசந்தகுமார் மெல்ல வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றான். காலையிலிருந்து அவன் செய்த ஒரே வீரச் செயல் அதுதான். "ஆமா அத்தை. எனக்கும் சம்மதம்தான்" என்றான்.

வாசலில் கையில் ஒரு பெட்டியோடு இளம்பெண் ஒருத்தி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. "நான் சூஃபியா, கண் வங்கியிலருந்து வாரேன்" என்றாள் தணிந்த குரலில். பிறகு உமையாளைப் பார்த்து, "பெரியவங்க உங்களுக்கு மனசில்லேன்னா நாங்க தொடமாட்டோம்மா" என்றாள்.

உமையாள் அண்ணன் கன்னத்தில் இருந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றினாள். கீழே கிடந்த தலையணையை எடுத்து, தட்டி, அவர் தலைக்கு அடியில் பதமாக வைத்தாள். இமைகளின் மேல் பஞ்சைச் சரிசெய்தாள். பிறகு நாகஜோதியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"கமுதியில கத்துனப்ப எனக்கு ரெண்டு கண்ணும் தெரிஞ்சுச்சுடி" என்றாள். "அப்புறம் இந்த வலது கண்ணு அவிஞ்சுபோயி, மதுரைக்கு எங்கண்ணன்தான் கூட்டிப் போச்சு. ஊருக்குப் புரை ஆபரேசன்னு சொல்லிக்கிட்டோம். எந்த வீட்டுச் சாவுல எடுத்த கண்ணை எனக்கு வச்சாகன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது... அந்த வீட்டுலயும் எவளோ ஒருத்தி இப்படித்தான் எல்லார்ட்டயும் பேச்சு வாங்கிக்கிட்டு நின்னுருப்பா."