ஜெயிக்க மாட்டேன்!

"என்ன அக்கிரமம் இது! என்னை ஜெயிக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க!" என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார் கொடுங்கோலன்.

எதிரே உட்கார்ந்திருந்த கம்பெனி மேனேஜர் நீட்டிய பேனாவை நீட்டியபடியே இருந்தார். பத்தொன்பது பக்க ஒப்பந்தத்தில் பதினெட்டுப் பக்கங்களில் கையெழுத்து ஆகிவிட்டது. கடைசிப் பக்கத்தின் மூன்றாம் பிரிவில்தான் வண்டி நின்றுவிட்டது. 'மேற்படி மல்யுத்த வீரர், ஒப்பந்தக் காலத்தில் தாம் கலந்துகொள்ளும் எல்லா ஆட்டங்களிலும் வெற்றி பெறுவார்.'

"ஜெயிக்கிறது நல்ல விஷயம்தானே சார்?" என்றார் மேனேஜர்.

"யாருக்கு நல்லது?"

மேனேஜர் அந்தப் பிரிவை மறுபடி படித்துப் பார்த்தார். இதுவரை யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

கொடுங்கோலன் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. வாரநாட்களில் மரச்சாமான் கடையில் பீரோ தூக்குகிற மனிதர் அவர். வீட்டில் ஒரு கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு வருவார். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, பழைய மண்டபம் ஒன்றின் மேடையில் ஏறிப் பல்லை நறநறவென்று கடிப்பார். ஜனங்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். பிறகு வெள்ளிப்புலி என்கிற கதாநாயகன் வந்து அவரைத் தூக்கித் தூக்கிப் போடுவான். இருபதாவது நிமிடத்தில் கொடுங்கோலன் மண்ணைக் கவ்வுவார். பதினான்கு வருடங்களாக இதுதான் நடக்கிறது.

யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி முடிவான சங்கதி. எப்படித் தோற்பது என்பதில்தான் அவருடைய கலை இருந்தது. மேடை ஏறும் முன் கண்ணை மூடி ஒரே ஒரு பிரார்த்தனை செய்வார். 'கடவுளே, இன்னிக்கு என்னால யாருக்கும் அடிபடக் கூடாது.' வில்லன்கள் பொதுவாகச் செய்கிற பிரார்த்தனை அல்ல.

அப்படிப்பட்டவரைத் தேடி, தொலைக்காட்சியில் மல்யுத்தம் நடத்துகிற பெரிய கம்பெனி வீடு தேடி வந்திருந்தது. பீரோ தூக்கி மூன்று வருடத்தில் சம்பாதிப்பதை மாதா மாதம் தருகிறார்களாம். கூரை ஒழுகாத வீடும் தருகிறார்களாம். அவருடைய மனைவி காலையிலேயே சமையலறையில் ஒழுகலுக்கு வைத்திருந்த வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"இந்த மூணாம் பிரிவை அடிச்சிடுங்க. நான் தோக்கறவன். தோக்கறதுக்குச் சம்பளம் குடுங்க, பாதி குடுத்தாக்கூடப் போதும்" என்றார் கொடுங்கோலன்.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மத்தது எதை வேணா மாத்தலாம் சார். மூணாம் பிரிவுல மட்டும் கை வைக்க முடியாது. வாக்குக் குடுத்தாச்சு."

"யாருக்கு?"

மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார். "மேலிடத்துக்கு. வேணும்னா சம்பளத்தை ஒன்றரை மடங்காக்கிடறேன்."

இதைக் கேட்டதும் சமையலறைக் கதவிடுக்கில் மனைவியின் முகம் தெரிந்தது. கையைக் காட்டிக் கணவரை அருகே கூப்பிட்டாள். "என்னங்க, நல்லாப் பேசறீங்களே! இன்னும் கொஞ்சம் முறைச்சுப் பாருங்க, ரெண்டு மடங்கா ஆகும்."

"நான் பேரம் பேசலடி! வேண்டாம்னு சொல்றேன்!"

"அதேதான், அப்படியே சொல்லுங்க" என்று அவள் ஆனந்தமாகத் தலையாட்டினாள்.

ஜன்னலோரம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிராமலேயே கேட்டார். "ஜெயிக்கச் சொன்னாக் கசக்குதாமா மாப்பிள்ளைக்கு?"

மாமியாரிடம் கொடுங்கோலன் ஆதரவை எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமைதோறும் முன்வரிசையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, "புலி! சீக்கிரம் முடி! என்ன பாத்துட்டு நிக்கறே, சீக்கிரம் முடிச்சுத் தள்ளு!" என்று தொண்டை வற்றக் கத்துகிறவர் அவர். மாப்பிள்ளை என்கிற தாட்சண்யமெல்லாம் மண்டபத்துக்கு வெளியேதான்.

இந்த மேனேஜருக்குக் கலை புரியவில்லை, அதனால்தான் இப்படிப் பேசுகிறார் என்று முடிவு செய்தார் கொடுங்கோலன். கோபம் வந்தாலும் மனிதர்களைப் பற்றி நல்லவிதமாகவே நினைப்பது அவருடைய பலவீனம். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினார்.

"எந்திரிங்க சார். என் நெஞ்சுல ஒரு விரலை வைங்க. லேசாத் தள்ளுங்க."

மேனேஜர் பயந்துகொண்டே ஒரு விரலை வைத்தார். மறுகணம் கொடுங்கோலன் யானை முட்டியவரைப் போல இரண்டடி மேலே எழும்பி, முதுகு, தோள், உள்ளங்கை மூன்றும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுந்தார். இடி இடித்ததுபோல் வீடு அதிர்ந்தது. ஒரு கீறல் இல்லாமல் எழுந்து உட்கார்ந்து கேட்டார். "இப்ப சொல்லுங்க. யார் பலசாலி மாதிரித் தெரிஞ்சது?"

"நான்!" என்றார் மேனேஜர், தன் விரலையே ஆச்சரியமாகப் பார்த்தபடி.

"ஆங்! அதுதான் என் தொழில்!"

மேனேஜர் பதில் சொல்லும் முன் கதவு படபடவென்று தட்டப்பட்டது. கீழ்வீட்டுப் பல் டாக்டர் கையில் கிடுக்கியோடு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"என்னய்யா நடக்குது இங்கே? வாயைத் திறந்து படுத்திருந்த பேஷண்ட் வாய்க்குள்ள சுண்ணாம்பு உதிர்ந்து விழுது!"

கொடுங்கோலன் கைகூப்பி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மேனேஜர் முந்திக்கொண்டார். "கோச்சுக்காதீங்க டாக்டர். சார் எங்க கம்பெனியில சேரப்போறார். இனிமே எல்லா ஆட்டத்திலயும் ஜெயிக்கப்போறார்!"

டாக்டரின் கோபம் போன இடம் தெரியவில்லை. மாடிப்படியில் எட்டிப்பார்த்து, "நம்ம கொடுங்கோலன் ஜெயிக்கப்போறாராம்!" என்று கூவினார். ஐந்து நிமிடத்தில் வீடு நிரம்பிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்து வீட்டு அம்மாள், "பாவம், இத்தனை வருஷம் பட்ட அடிக்குக் கடவுள் கண்ணைத் திறந்துட்டார்" என்றார். தாடை வீங்கிய பேஷண்ட்கூட மேலே வந்து பேச முடியாமல் கைதட்டிவிட்டுப் போனார்.

"நான் இன்னும் சம்மதிக்கல!" என்று கொடுங்கோலன் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கத்தினால் சிரிப்பதற்கு அந்தக் கட்டடம் பழகியிருந்தது.

இனி ஒரே வழிதான். தன் கலையை உள்ளும் புறமும் அறிந்தவன் வந்து சொன்னால்தான் எடுபடும். வெள்ளிப்புலிக்குப் போன் செய்தார்.

வெள்ளிப்புலி ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். முழங்கைவரை மாவோடு அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மேடையில் அவர் பறப்பதாக ஜனங்கள் நம்புவதற்குக் காரணம், கீழே ஒருவர் அவரைத் தாங்கிக்கொள்வதுதான்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. நான் ஜெயிக்கலாமா?"

புலி ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். "கையெழுத்தைப் போடு தம்பி. நீ எவ்வளவு நாளைக்குத்தான் பீரோ தூக்குவே?"

"அண்ணே, நீங்களுமா!"

மேனேஜருக்கு உயிர் வந்துவிட்டது. "இவரையும் எடுத்துக்கறோம் சார்! முதல் ஆட்டமே இவரோடதான். இவர் தோக்கட்டும், நீங்க ஜெயிங்க!"

"அதுக்கென்ன, தோத்துட்டாப் போச்சு" என்றார் புலி. "பதினாலு வருஷமா இவன் விழறதைப் பக்கத்துல நின்னு பாத்தவன் நான். விழறது ஒரு வித்தையா? தரை எங்க போயிடப்போகுது?"

"அண்ணே, வேண்டாம்ணே" என்று கொடுங்கோலன் பாய்வதற்குள் புலி கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டார். மாவு மூட்டை லாரியிலிருந்து விழுந்ததுபோல் விழுந்தார். முழங்கை முக்காலியின் விளிம்பில் மோதியது. "ஐயோ அம்மா!" என்ற அலறலில் கூட்டம் அடங்கிப்போனது.

"டாக்டர்! டாக்டர்!" என்றாள் மனைவி.

பல் டாக்டர் குனிந்து பார்த்தார். "வாயைத் திறங்க" என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "இது எலும்பு டாக்டர்கிட்டதான் காட்டணும்" என்றார்.

கொடுங்கோலன் புலியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். மேடையில் எத்தனையோ முறை பொய்யாகக் கோபப்பட்டிருக்கிறார். நிஜக் கோபம் எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டடம் அன்றைக்குத்தான் பார்த்தது.

"பாத்தீங்களா? ஜெயிக்கிறவன் கையைத் தூக்கிட்டு நிப்பான், அவ்வளவுதான் அவன் வேலை. ரெண்டு பேர் கழுத்தும் முறியாம வீட்டுக்குப் போறது விழறவன் கையில இருக்கு! பதினாலு வருஷத்துல அண்ணனுக்கு ஒரு சிராய்ப்பு உண்டா? கேளுங்க! எங்கிட்ட வந்து ஜெயிடான்னா, நான் யாரைப் போட்டு நசுக்கறது? அப்புறம் அந்த ஜனங்க! வாரம் பூரா மேஸ்திரிகிட்டயும் மேனேஜர்கிட்டயும் திட்டு வாங்கிட்டு வர்றாங்க. அவங்க கண்ணு முன்னால ஒரு அயோக்கியன் தோக்கணும். அதைப் பாத்துட்டு அன்னிக்கு ஒருநாளாவது நிம்மதியாத் தூங்கணும். அயோக்கியனே வாராவாரம் ஜெயிக்கிறதைப் பாக்கறதுக்கு அவங்க எதுக்குய்யா டிக்கெட் வாங்கணும்? அதுதான் வெளியில சும்மாவே நடக்குதே!"

பத்தொன்பது பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து இரண்டாகக் கிழித்தார். பீரோ தூக்கிய கை. ஒரே கிழிப்பில் கிழிந்தது.

மேனேஜர் ஏனோ ஜன்னல் பக்கம் பரிதாபமாகப் பார்த்தார். மாமியார் பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவி கணவரையும், கிழிந்த காகிதத்தையும், வலியில் முனகுகிற புலியையும் மாறி மாறிப் பார்த்தாள். சமையலறைக்குள் போனாள். கவிழ்த்து வைத்த வாளிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"குடிங்க. தொண்டை கட்டிக்கும்."

கொடுங்கோலன் அதில் பாதியைப் புலிக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் குடித்தார். இரண்டு மாளிகையை எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தத் தண்ணீருக்கு ஈடாகியிருக்காது.

மேனேஜரும் கெட்டவர் அல்ல. "சார், கம்பெனி கார் கீழே நிக்குது. இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார். அவரும் பல் டாக்டருமாகப் புலியைக் கைத்தாங்கலாக ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். பின் இருக்கையைச் சரிசெய்து வைப்பதற்காகக் கொடுங்கோலன் முன்னால் ஓடினார்.

கார் டிரைவர் இறங்கி வந்து சலாம் போட்டார். "வணக்கம் சார். சனிக்கிழமை மண்டபத்துக்கு டிக்கெட் வாங்கிட்டேன். தோப்பீங்கல்ல?"

"கட்டாயம் தோப்பேன்" என்றார் கொடுங்கோலன். அந்த ஒரு கேள்வியில் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மீதிப் பாதிதான் இறங்க மறுத்தது. "உங்க முதலாளி எங்க ஆட்டத்தைக் கண்ணால பாத்திருக்காரா?"

"ஏழெட்டுத் தடவை பாத்திருக்கார் சார். கடைசி வரிசையில உக்காந்து, நீங்க விழும்போதெல்லாம் கைதட்டுவார்."

"அப்புறம் எந்த மடையன்யா அந்த மூணாம் பிரிவை எழுதினது? அந்த ஆளை ஒருதடவை நேர்ல பாக்கணும். கலையோட அருமை தெரியாத, மனுஷனோட மனசு புரியாத அந்த ஜென்மத்தை முகத்துக்கு நேரா நாலு கேள்வி கேக்கணும்!"

டிரைவர் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் இன்னும் பாதிப் படியில்தான் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேனேஜர்கிட்டதான் சத்தியம் வாங்கினாங்க, எங்கிட்ட வாங்கல, அதனால சொல்றேன் சார். முதலாளி எழுதச் சொன்னது 'எல்லா ஆட்டத்திலும் தோற்பார்'னுதான்; முந்தாநாள் உங்க மாமியார் ஆபீசுக்கு வந்து, 'என் மாப்பிள்ளை அடிவாங்கறதை இனிமே என்னால பாக்க முடியாதுய்யா'ன்னு மூணு மணி நேரம் அழுது மாத்திட்டுப் போனாங்க."