மாப்பிள்ளை லைனில் நிற்கிறார்

பரிமளம் தன் ஆட்டுக்குக் கழிச்சல் கண்ட கதையை ஜேர்மனியிலிருக்கும் மகனுக்கு மூன்றாம் முறையாகச் சொல்லத் தொடங்கியபோது, உபதபாலதிபர் குலசிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. போனதை வெளியே காட்ட முடியவில்லை. பல்லை இளித்துக்கொண்டு, "ஆறுதலாக் கதையுங்கோ அக்கா" என்றார்.

பரிமளம் அதை அப்படியே நம்பி ஆறுதலாகவே கதைத்தாள்.

தபாற்கந்தோர் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், புளியங்கூடலுக்கு அப்பால் கிடந்த அந்தச் சின்ன ஊரில் குலசிங்கத்தின் வீட்டு முன்னறைதான் கந்தோர். ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு ரெலிபோன். ஊர் முழுவதற்கும் அது ஒன்றுதான். அதிலிருந்து புறப்படும் ஒற்றைக் கம்பி பெரிய கந்தோர் எக்சேஞ்சுக்குப் போய், மண்டைதீவைத் தாண்டி யாழ்ப்பாணம் போய், கொழும்பு போய், அதற்குப் பிறகுதான் உலகத்தைப் பார்க்கும். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு முந்தி செத்தவீடு சொல்லத்தான் அதை யாராவது தொடுவார்கள். இப்போது ஊர்ப் பொடியன்களில் பாதிப்பேர் ஜேர்மனியிலும் பிரான்சிலும் சுவிசிலும். எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அங்கே விடியும்போது இங்கே மத்தியானச் சோறு முடிந்திருக்கும். அந்த நேரம் அடிக்கத் தொடங்கும் மணி பொழுதுபடும்வரை ஓயாது. போதாக்குறைக்கு, ஜேர்மனியில் ஏதோ ஒரு பட்டினத்தில் ரெலிபோன் பெட்டியொன்று பழுதாகிக் கிடக்கிறதாம், ஒரு காசுக்குற்றி போட்டால் நாள் முழுக்கக் கதைக்கலாமாம். அப்படி ஒரு பெட்டி கிடைத்தால் நம் சனம் சும்மா விடுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை குலசிங்கத்துக்கும் ஒரு கோல் வரவேண்டியிருந்தது.

அவருடைய ஒரே மகள் சறோஜினிதேவி பள்ளிக்கூட ரீச்சர். முப்பது வயது கிட்டிக்கொண்டிருந்தது. முதலில் வந்த சம்பந்தம் சாதகத்தில் தட்டிப்போயிற்று. அடுத்ததில் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் ஓம் என்று சொல்லி, நாளும் பார்த்த பிறகு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று மாப்பிள்ளையே கையை விரித்துவிட்டான். அன்றைக்குக் குலசிங்கம் ஒரு சத்தியம் செய்துகொண்டார். இனிமேல் மாப்பிள்ளை தன் வாயால் ஓம் என்று சொல்வதைத் தன் காதால் கேட்காமல் எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்போது வந்திருப்பது காரைநகர் அரியநாயகம், ஜேர்மனியில் வேலை. சாதகம் பொருந்திவிட்டது, தாய்க்கும் விருப்பம். பொடியன் இருக்கிற விடுதியில் ரெலிபோன் இல்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை தெருப் பெட்டியிலிருந்து அவனே எடுத்துச் சொல்வான் என்றும் தாய் ஆளனுப்பியிருந்தாள்.

இதை ஊருக்குச் சொல்லவும் முடியாது. சம்பந்தம் பேசுகிறது என்று காதில் பட்டால் போதும், மொட்டைக் கடிதம் எழுதுவதற்கென்றே நேர்ந்துவிட்ட ஆட்கள் அந்த ஊரில் இருந்தார்கள். ஆகவே "என்ரை கோல் ஒண்டு வருது, வையுங்கோ" என்று பரிமளத்திடம் சொல்ல வழியில்லை. நாளைக்குப் பந்தலுக்கு வரவேண்டிய சனத்தைப் பகைக்கவும் ஏலாது. உள்கதவுக்குப் பின்னால் புதுச்சேலையோடு சறோஜினி நின்றாள். ஞாயிற்றுக்கிழமைதானே என்று சும்மா உடுத்ததாகத் தாயிடம் சொல்லியிருந்தாள்.

பரிமளம் போய்ச் சற்று நேரத்தில் எக்சேஞ்சிலிருந்து மணி அடித்தது. அங்கே வேலை பார்க்கும் மனோகரியின் குரல். குலசிங்கம் அவளை நேரில் கண்டதில்லை, ஆனால் வெல்லம் கரைத்த குரல் என்பது தெரியும்.

"ஐயா, ஜேர்மனியிலையிருந்து அரியநாயகம் எண்டொருத்தர் உங்களைக் கேட்டு லைனிலை நிண்டவர். உங்கடை பக்கம் எங்கேஜ்."

"கனநேரம் நிண்டவரோ பிள்ளை?"

"பரிமளம் அக்கான்ரை ஆடு சுகப்படுமட்டும் நிண்டவர்."

"கோவிச்சவரோ?"

"சீச்சீ, நல்ல பொறுமைசாலி ஐயா. வாற ஞாயிறும் எடுக்கிறாராம்."

குலசிங்கம் குசினிக்குள் போய் மனைவி சிவக்கொழுந்திடம் இதைச் சொன்னார். பொறுத்தார் பூமியாள்வார், இப்படி ஒரு மருமகன் தவமிருந்தாலும் கிடையான் என்று அவள் அம்மனுக்கு ஒரு பொங்கல் நேர்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்குள் குலசிங்கம் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். கோல் வந்ததும் றிசீவரை மேசையில் கிடத்திவிட்டு, தந்திச் சேவகன் அப்புத்துரை சைக்கிளில் போய் ஆளைக் கூட்டிவர வேண்டும். கூப்பிட்ட ஆள் உடனே வந்துவிடுமா? பிள்ளையின் குரலைக் கேட்கப் போகிறவள் அடுப்படிச் சேலையோடு போகலாமா? முகம் கழுவி, தலை வாரி, திருநீறு பூசி, அலுமாரியைத் திறந்து நல்ல சேலை தெரிந்து உடுத்து வரும்வரை லைன் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஆகவே வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் ஞாயிறு மத்தியானமே கந்தோரில் வந்து குந்தியிருக்க வேண்டும் என்று அறிவித்தார். குந்துவதற்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நீட்டு வாங்குகளும் எடுப்பித்துப் போட்டார்.

சனம் கோயில் திருவிழாவுக்கு வருவதுபோல் வந்தது. அங்கேதான் வினை. முதல் கோல் மார்க்கம்மாவின் பேரனுடையது. மார்க்கம்மா கதைத்து முடிந்ததும் றிசீவர் பக்கத்து ஆளிடம் போயிற்று. சின்ன வயதில் தூக்கி வளர்த்த பிள்ளை, ஒரு சொல்லுக் கேட்காமல் விடலாமா? அவர் கேட்டால் இவர் கேட்க வேண்டும். ஒருவரைத் தவறவிட்டால் அது ஏழு வருடக் கோபம். வாங்கில் இருந்த அத்தனை பேரும் கதைத்த பிறகுதான் ஒவ்வொரு கோலும் முடிந்தது. தன் முறை வந்தபோது அப்புத்துரையும் சுகம் விசாரித்தான்.

அன்று மாலை மனோகரி சொன்னாள், அரியநாயகம் நின்று பார்த்துவிட்டு வைத்துவிட்டார் என்று.

"பிள்ளை, அவையின்ரை கோலை ஒருக்கா வெட்டிப்போட்டு இவரைத் தந்தாலென்ன?"

"வெளிநாட்டுக் கோலை வெட்டச் சட்டமில்லை ஐயா."

சட்டம் தெரிந்த பிள்ளை என்று குலசிங்கத்துக்கு அவள் மேல் மதிப்புக் கூடியது.

பிறகு அவரே ஒரு சட்டம் போட்டார். ஒரு கோலுக்கு மூன்று நிமிடம். மேசையில் அலாம் மணிக்கூட்டை வைத்து, அது அடித்ததும் தன் கையால் கோலை அறுத்துவிட்டார். அதுவும் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. எங்கள் ஆட்கள் சுகம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வரமாட்டார்கள். அம்மா சுகமோ, ஐயா சுகமோ, மாடு கன்று போட்டதோ, சின்னமாமி இன்னும் கோபமோ என்று கேட்டு முடிய மூன்று நிமிடம் சரி. கோல் அறும். பொடியன் மறுபடி எடுப்பான். மறுபடி எடுத்தால் மறுபடி முதலிலிருந்து சுகம் விசாரிக்க வேண்டும். முன்பு ஒரு கோலில் முடிந்த விஷயம் இப்போது நாலு கோல் ஆகியும் மாட்டைத் தாண்டவில்லை.

அரியநாயகம் அன்றைக்கும் லைனில் நின்றார். அங்கே பனி கொட்டுகிறதாம், கையுறை இல்லாமல் நின்றாராம், தான்தான் ஒன்று வாங்கச் சொன்னதாக மனோகரி சொன்னாள். முன்பின் தெரியாத மனிதனுக்கு இவ்வளவு அக்கறை எடுக்கிற பிள்ளை அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறதே என்று குலசிங்கம் நெகிழ்ந்துபோனார்.

இனி இரண்டாவது லைன் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஊர்ச்சனத்திடம் கையொப்பம் வாங்கி மேலிடத்துக்கு மனுப் போட்டார். அவர்கள் அனுப்பிய இன்ஸ்பெக்டர் மார்க்கண்டு ஒரு ஞாயிறு வந்து, வாங்குகளில் இருந்த கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போனார். கொஞ்ச நாளில் இரண்டாவது ரெலிபோன் மேசைக்கு வந்தது.

இரண்டு ரெலிபோன் இருக்கிறது என்ற செய்தி ஊர் எல்லையில் நிற்குமா? அயலூர்ச்சனமும் சைக்கிள் கட்டிக்கொண்டு வந்தது. அதுவரை கடிதம் எழுதித் திருப்தியாக இருந்த பிள்ளைகளும் இனி எடுக்கலாம்தானே என்று எடுக்கத் தொடங்கினார்கள். அவ்வளவையும் விழுத்தி அடித்தவள் பரிமளம். அவளுடைய மூத்தவனும் இளையவனும் காணி விஷயத்தில் முகம் பார்க்காதவர்கள், ஒருவன் ஜேர்மனி, ஒருவன் லண்டன். ஒரே நேரத்தில் இரண்டு ரெலிபோனிலும் அவர்கள் வந்துவிட்டார்கள். பரிமளம் யோசித்துப் பார்த்துவிட்டு, இரண்டு றிசீவரையும் ஒன்றின் காதோடு மற்றதன் வாய் பொருந்தத் தலைமாறிச் சேர்த்து மேசையில் கிடத்தி, "இனி நீங்களாச்சு" என்றாள். மேசையில் கிடந்தபடியே அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்து, அழுது, ஒற்றுமையானார்கள். சனமும் சேர்ந்து அழுதது. குலசிங்கமும் அழுதார், அவர் அழுதது வேறு காரணத்துக்கு.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்று அடுத்தமுறை வந்த மார்க்கண்டரிடம் அவர் முறையிட்டார். "லைனைக் கூட்டக் கூட்ட நெரிசலும் கூடுது."

"ஐயா, வாயை அகட்டினால் காணுமோ? தொண்டை வேணுமெல்லோ. இஞ்சையிருந்து நீங்கள் எத்தினை கம்பி இழுத்தாலும் தீவுப்பகுதி முழுக்க யாழ்ப்பாணத்துக்குப் போறது ஒரு நாலு லைனுக்குள்ளாலை. அதைப் பெருப்பிக்க வேணும். அது பெருத்தால் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலை பெருப்பிக்க வேணும். சோறு போடப்போட இலையும் பெருக்க வேண்டிய பந்தி இது."

"அப்ப பெருப்பிப்பம்" என்றார் குலசிங்கம்.

ஒரு கலியாண வாக்குக்காக ஒரு மனிதன் தீவுப்பகுதியின் தொலைபேசியையே தூக்கி நிறுத்தப் புறப்பட்டது அப்படித்தான். நயினாதீவுக்கு வள்ளத்திலும் நெடுந்தீவுக்கு ஆடியாடிப் போன படகொன்றிலும் போய்க் கையொப்பம் சேர்த்தார். கடலில் குமட்டிச் சத்தியெடுத்தார். யாழ்ப்பாணத்துக் கந்தோர்களில் கதிரை தேயக் காத்திருந்தார். வளரும் பாவனையைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்களைக் கேட்ட இஞ்சினியர்மாரே, இந்த மனிதருக்கு நாட்டின் மேல் என்ன பற்று என்று வியந்தார்கள்.

"அப்பா, கலியாணம் எனக்கோ, உங்கடை லைனுக்கோ?" என்று சறோஜினி ஒருநாள் சிரித்துக்கொண்டு கேட்டாள். அவர் பதிலுக்குச் சிரித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் புதுச்சேலை உடுப்பதை நிறுத்திவிட்டதைக் கவனித்திருந்தார். மகளின் வாழ்க்கை ஒரு கம்பியில் தொங்குகிறதே என்று இரவிலும் இருந்து மனு எழுதினார்.

அப்போதெல்லாம் அவருக்கு ஒரே ஆறுதல் மாப்பிள்ளையின் பொறுமைதான். ஒரு ஞாயிறு தப்பவில்லை. மழையென்றும் பனியென்றும் பாராமல், தெருப்பெட்டிக்குள் மணிக்கணக்காக நின்றுவிட்டு ஒரு கோபவார்த்தை சொல்லாமல் போகிற பொடியனை எங்கே காணலாம்? "கலியாணத்துக்கு முதலே இப்பிடியெண்டால், கட்டினாப்பிறகு எங்கடை பிள்ளையைத் தங்கத்தட்டிலை வைச்சிருப்பான்" என்றாள் சிவக்கொழுந்து. காரைநகர்த் தாயிடமிருந்து கொஞ்ச நாளாக ஆள் வரவில்லை. அதையும் அவர்கள் பெரிதுபடுத்தவில்லை. லைன் சரிவந்தால் எல்லாம் சரிவரும்.

கடைசியில் லைன் சரிவந்தது. பெரிய கந்தோரில் புது மெசின் பூட்டினார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் லைன்கள் பல மடங்காகின. குலசிங்கத்தின் மேசையில் ரெலிபோன்கள் நாலு. திறப்புவிழா நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் நிறைகுடம் வைத்து, நாலு ரெலிபோனுக்கும் சந்தனப்பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, குலசிங்கத்துக்கு மாலை போட்டது. பரிமளம் தன் மக்களை ஒன்றுசேர்த்த தெய்வம் என்று அவர் காலில் விழப்போனாள். மார்க்கண்டர் எழும்பி, தனக்கென்று ஒரு கோல்கூட எடுக்காமல் ஊருக்காகவே உழைத்தவர் என்று பேசினார். அந்தப் பேச்சில் அரைவாசி உண்மை இருந்தது.

பேச்சு முடிந்து மத்தியானமும் தாண்டியது. கோல்கள் வந்தன, கதைத்தார்கள், வைத்தார்கள். நாலு ரெலிபோனில் ஒன்றாவது எப்போதும் சும்மா கிடந்தது. எங்கேயும் நெரிசல் இல்லை. நாலாவது ரெலிபோனின் மேல் குலசிங்கம் கையை வைத்துக்கொண்டு இருந்தார். உள்கதவுக்குப் பின்னால், எத்தனையோ கிழமைகளுக்குப் பிறகு, புதுச்சேலையின் சரசரப்புக் கேட்டது.

அந்த ரெலிபோன் அடிக்கவேயில்லை.

பொழுது சாய்ந்தது. இதற்குமேல் தாங்காது என்று மாலையைக் கழற்றாமலே றிசீவரை எடுத்து எக்சேஞ்சைக் கேட்டார். வந்தது யாரோ ஒரு புதுப்பொடியனின் குரல்.

"தம்பி, மனோகரியைக் குடும். அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லவேணும். என்ரை வீட்டுக் கலியாணத்துக்கு முதல் ஆளாச் சொல்லப்போறதும் அவவுக்குத்தான். அதோடை, ஜேர்மனியிலையிருந்து அரியநாயகம் எண்டொருத்தர் லைனிலை நிற்பார், ஆளைத் தாரும். இனி எங்கேஜ் இல்லை எண்டு சொல்லும்."

லைன் துலாம்பரமாக இருந்தபடியால், பொடியன் மெல்லச் சொன்னதும் ஒரு சொல் தவறாமல் கேட்டது.

"மனோகரி அக்கா வேலையை விட்டிட்டு ஜேர்மனிக்குப் போறா ஐயா, உங்கடை லைன் எங்கேஜ் எண்டு ஞாயிறு ஞாயிறா அவவோடை கதைச்சுக்கொண்டு நிண்ட அந்த அரியநாயகத்தைக் கட்டத்தான்."