வாலில் நிற்கும் விமானத்தின் அடிவயிறு

பெண்டாட்டியிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிடுவது என்று ரெம்மர் முடிவு பண்ணினார். அறுபத்தெட்டு வயதில். நாற்பத்து மூன்று வருஷக் குடித்தனத்துக்கு அப்புறம். அதுவும் யாரிடம்? ஹில்கேயிடம்!

கில்லாடிகளை நாம் 'எம்டன்' என்று சொல்வோமே, சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன அந்தக் கப்பலுக்குப் பேர் கொடுத்த ஜெர்மன் ஊர்தான் இது. ஹில்கே இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே வளர்ந்தவள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அதுவரை ரெம்மர் மறைக்கப் பார்த்ததெல்லாம் பொம்மை விமானப் பாகங்கள் அடைத்த பெட்டிகள்தான். யுத்தத்தின்போது ஜெர்மன் பொறியாளர்கள் காகிதத்தில் வரைந்து, கடைசிவரை பறக்காமலே போன விமானங்கள் உண்டு. அவற்றின் மாதிரிகளைச் சின்ன அளவில் ஒட்டி, தேய்த்து, வர்ணம் அடித்து அடுக்கி வைப்பது அவருடைய பைத்தியம். பறந்த விமானம் எதையும் தொட மாட்டார். "பறந்ததெல்லாம் யாரையாவது கொன்னிருக்கும். இதுங்க பாவம், ஒருத்தரையும் கொல்லலை" என்பார். புதுப் பெட்டி வந்தால் நிலவறையில் உருளைக்கிழங்குக்கு அடியில் புதைத்து வைப்பார். மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது ஹில்கே தட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் கிழங்குக்கெல்லாம் றெக்கை முளைச்சிருக்கு" என்பாள். அவ்வளவுதான். ரெம்மருக்குக் கிழங்கு தொண்டையில் நிற்கும்.

ஆனால் இந்தத் தடவை மறைக்க வேண்டியது பெட்டி இல்லை. பிப்ரவரியில் ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் அவரைத் தனியே ஒதுக்கிக்கொண்டு போய்ச் சொன்னார். ஹில்கேக்குக் கணையத்தில் புற்றுநோய் இருக்கிறது. கோடை தாண்டுவது கஷ்டம். "அவங்ககிட்ட இப்போதைக்கு இதைப் பத்திப் பேச வேண்டாம். நிம்மதியா இருக்கட்டும்."

ரெம்மர் தலையை ஆட்டினார். வீடு வரும்வரை ஆட்டிக்கொண்டே வந்தார்.

வந்ததும் இரண்டு சபதம் எடுத்தார். ஒன்று, ஹில்கேக்கு இது தெரியக் கூடாது. இரண்டு, இனிமேல் பசையைத் தொடுவதில்லை, அவள் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. இரண்டாவது சபதம் பதினோரு நாள் தாங்கியது. ஹில்கேக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"என்ன அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாமதான் மூஞ்சி ஈரத்துணி மாதிரி தொங்குதா?"

"ஜலதோஷம்."

"பதினோரு நாளாவா?"

"இது கொஞ்சம் நீளமான ஜலதோஷம்."

"தலகாணியை இன்னைக்கு ஒம்பது தடவை தட்டிட்ட. அதுக்கு உயிர் இருந்தா உன்மேல கேஸ் போட்டிருக்கும். கீழே போய் ஏதாவது ஒட்டு, போ."

"ஒட்டறதை விட்டுட்டேன்."

"விட்டுட்டியா! ஏன், நான் என்ன சாகவா போறேன்?"

ரெம்மர் விழுந்தடித்துச் சமையலறைக்கு ஓடினார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழக் கூடாது. அழுதால் கண் சிவக்கும், கண் சிவந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அழுகையை மாத்திரை முழுங்குகிற மாதிரி முழுங்கினார். திரும்பி வந்தபோது ஹில்கே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு ஆசை" என்றாள். "அந்த வாலில் நிக்கிறவனை முடிச்சுக் காட்டு. ஒருதடவை பாக்கணும்."

அவள் எதைக் கேட்டாலும் கேட்கட்டும், இதையா கேட்க வேண்டும்!

வாலில் நிற்கிறவன் என்பது மற்ற விமானங்கள் மாதிரி படுத்துக் கிடக்காது. வாலைத் தரையில் ஊன்றி நெட்டுக்குத்தாக நிற்கும். இடுப்பைச் சுற்றி மூன்று இறக்கை, மின்விசிறி மாதிரி. அந்த மாதிரிப் பெட்டி இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ரெம்மரும் மென்னோவும் அலைந்து திரிந்து கூட்டாக வாங்கினார்கள். மென்னோ வேறு யாருமில்லை, நில அளவை ஆபீசில் முப்பது வருஷம் பக்கத்து மேஜை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனுஷர். ஞாயிற்றுக்கிழமையானால் ரெம்மர் வீட்டு நிலவறையில்தான் இருப்பார்.

சண்டை வந்தது வர்ணத்தில். அடிவயிறு வெளிர்நீலம் என்றார் ரெம்மர். யுத்தம் முடியப்போகிற நேரத்தில் வர்ணத்துக்கு எங்கே போவார்கள், வெறும் உலோகம்தான் என்றார் மென்னோ. செய்யவே செய்யாத விமானத்துக்கு அடிக்கவே அடிக்காத வர்ணம்! நாலு மணி நேரம் கத்தினார்கள். டீ கொண்டுவந்த ஹில்கே, "செங்குத்தா நிக்கிற விமானத்துக்கு ஏதுப்பா அடிவயிறு?" என்று சிரித்தாள். இரண்டு பேரும் முதலில் அவள்மேல் பாய்ந்தார்கள், அப்புறம் ஒருவர்மேல் ஒருவர். சாயங்காலத்துக்குள் பாகப்பிரிவினை முடிந்தது. உடம்பும் ஒரு இறக்கையும் ரெம்மருக்கு. இரண்டு இறக்கை மென்னோவுக்கு. செய்முறைத் தாளைக்கூட நடுவில் கிழித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. மென்னோ வீடு மாறிப் போனது கூட ரெம்மருக்குத் தெரியாது.

மென்னோவிடம் போய் நிற்பதா? செத்தாலும் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார், அந்த வார்த்தையே பிடிக்காமல் மூடிக்கொண்டார்.

வேறு எங்கேயாவது கிடைக்குமா என்று இரண்டரை மாசம் தேடினார். அப்போதுதான் தெய்வமே பார்த்து அனுப்பின மாதிரி இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வாலில் நிற்கிறவனின் இறக்கைகள். சரியாக இரண்டு. விற்பவர் பெயர் 'கடற்பறவை'. ரெம்மர் நிலவறைக் கணினியில் உட்கார்ந்து பக்கத்து ஊரான ஓல்டன்பர்க்கைச் சேர்ந்த க்ரோன் என்று ஒரு பொய்ப்பெயரில் எழுதிப் போட்டார். ஹில்கேக்கு ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டுமே! அனுப்பின மறுநிமிஷம் மேலே சோபாவில் அவளுடைய டேப்லெட் 'டிங்' என்றது.

"என்ன சத்தம்?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"குறுக்கெழுத்து. சரியான வார்த்தை போட்டா மணியடிக்கும்."

"நல்ல வசதியா இருக்கே."

"ஆமா, இன்னைக்கு நிறைய வார்த்தை கிடைக்குது."

கடற்பறவை சுலபத்தில் மசிகிற ஆளாக இல்லை. "இறக்கைகள் உங்களுக்கு எதற்கு? அலமாரியில் அடுக்குகிறவர்களுக்கு நான் தருவதில்லை" என்று பதில் வந்தது.

"என் மனைவிக்காக" என்று ரெம்மர் எழுதினார். டிங்.

"அவருக்கு விமானம் பிடிக்குமா?"

"பிடிக்காது. ஆனால் வாராவாரம் எல்லாவற்றையும் அவள்தான் தூசி தட்டுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு இறக்கை உடைந்ததில்லை. நான் தட்டினபோதுதான் நாலு உடைந்தது." டிங்.

"பிடிக்காத விமானத்தை அவர் ஏன் கேட்கிறார்?"

ரெம்மர் அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தார். முகம் தெரியாத மனுஷன். ஊர் தெரியாது, பேர் தெரியாது. நாளைக்குத் தெருவில் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. விரல்கள் தானாக ஓட ஆரம்பித்தன.

"அவளுக்கு உடம்பு சரியில்லை. கோடைவரைதான் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அது தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை. காலையில் அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். அவளுக்குச் சூப் வைக்கப் போனால் உப்பு எந்த டப்பாவில் என்று தெரியவில்லை, கேட்டால் அவளுக்குச் சிரமம் என்று உப்பில்லாமலே கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று குடித்தாள். அவள் போன பிறகு இந்த வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா. எல்லாமே அவளுக்கு எதிரில் போட்ட நாற்காலிகள்."

அனுப்பிவிட்டார். மேலே டிங் என்றது. ஒரு மணி நேரம் கழித்து ஹில்கே, "ரெம்மர், ஜன்னலைச் சாத்து. கண்ணுல தூசி விழுது" என்றாள். அவர் ஓடிப் போய்ச் சாத்தினார். ஜன்னல் ஏற்கனவே சாத்தித்தான் இருந்தது. அவர் அதைத் திறந்து இன்னொரு தடவை சாத்தினார்.

கீழே வந்தபோது கடற்பறவை எழுதியிருந்தது: "உங்களுக்கு நண்பர்கள் இல்லையா?"

"ஒருவன் இருந்தான். முட்டாள்."

"எந்த விஷயத்தில்?"

"அடிவயிறு வெறும் உலோகம் என்பான்."

பதில் உடனே வந்தது. "செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நேரில் வரவும். கால்வாய்க் கரைத் தெரு, கடைசி வீடு. வாசல் மணி அடிக்க வேண்டாம். கொல்லைப்பக்கக் கதவு திறந்திருக்கும்."

செவ்வாய்க்கிழமை நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு, மருந்துக்கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். "போற வழியில அவசரப்படாதே" என்றாள் ஹில்கே. மூன்று மணிக்குக் கொல்லைக் கதவைத் தள்ளினார். சமையலறையில் டீக்கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மென்னோ நின்றார். தலை முழுக்க வெள்ளை. பதினோரு வருஷம் சும்மா போகவில்லை.

ரெம்மர் வந்த வழியே திரும்பிவிடப் பார்த்தார். முடியவில்லை. இந்த ஊர்ப் பக்கத்தில் மூன்று மணி டீ நேரம். அந்த நேரத்தில் கதவுக்கு உள்ளே கால் வைத்தவன் பகையாளியானாலும் மூன்று கோப்பை குடிக்காமல் போகக் கூடாது. போனால் அவமரியாதை அவனுக்கில்லை, வீட்டுக்காரனுக்கு. பதினோரு வருஷம் பேசாமல் இருக்கலாம், டீயை விட்டு எழுந்து போக முடியாது. நாள் குறித்த கடற்பறவை நேரத்தையும் பார்த்தே குறித்திருக்கிறது.

மென்னோ கோப்பையில் கற்கண்டைப் போட்டு டீயை ஊற்றினார். கற்கண்டு படபடவென்று வெடித்தது. பாலாடையை ஓரமாக விட்டார். முதல் கோப்பை பேச்சில்லாமல் முடிந்தது.

இரண்டாவது கோப்பையில் ரெம்மர், "றெக்கை எங்கே?" என்றார்.

"என்கிட்ட ஏது? உன் பொண்டாட்டி வந்து வாங்கிட்டுப் போய் அஞ்சு வாரம் ஆச்சு. நாலு படி ஏற முடியாம அந்த வாசல்ல உக்காந்துட்டா. நான்தான் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"அப்போ கடற்பறவை?"

"அது என்ன பறவை? செவ்வாய் மூணு மணிக்கு வருவான், டீ போட்டு வைன்னு சொன்னா. போட்டேன்."

டிங், டிங் என்று நிலவறைக் கூரைக்கு மேலே கேட்ட ஒவ்வொரு மணியும் வரிசையாக வந்து நின்றது. கோடைவரைதான். அவளுக்குத் தெரியாது. எந்த நாற்காலியில் உட்காருவது. ஐயோ, அத்தனையையும் அவளிடமே எழுதியிருக்கிறார்! எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. மென்னோ நிதானமாக மூன்றாவது கோப்பையை ஊற்றினார்.

"சீக்கிரம் ஊத்தேன்டா!"

"டீயை அவசரமா ஊத்தக் கூடாது" என்றார் மென்னோ. "ரெம்மர். அவ எல்லாம் சொன்னா. நான் வரவான்னு கேட்டேன். முதல்ல அவனா வரட்டும்னா."

ரெம்மர் மூன்றாவதை வாய் வேகச் சுடச்சுட விழுங்கினார். போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டார். வெளியே போகும் முன் நின்று, திரும்பிப் பார்க்காமல், "வெளிர்நீலம்தான்" என்றார்.

"உலோகம்" என்றார் மென்னோ.

வீட்டில் ஹில்கே சோபாவில் சாய்ந்திருந்தாள். மடியில் இரண்டு இறக்கைகள். எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று ரெம்மர் அன்றைக்குத்தான் பார்த்தார். தினம் பார்த்துக்கொண்டே இருந்ததில் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

"மருந்து கிடைச்சுதா?" என்றாள்.

"அத்தனையும் படிச்சியா?"

"படிச்சேன். கல்யாணமான நாள்லேர்ந்து நீ எனக்குக் கடுதாசி எழுதினதே இல்லை. எழுத வைக்க நான் ஓல்டன்பர்க்காரன்கிட்ட பறவையா போக வேண்டியிருந்துது."

"ஹில்கே, உனக்குத் தெரியக் கூடாதுன்னு டாக்டர்தான்..."

"டாக்டரா!" என்றாள். "முப்பது வருஷம் ஆபீசுல உக்காந்து தாளு தாளா கையெழுத்துச் சரிபார்த்தவன் நீ. இந்த நாட்டுல நோயாளி கையெழுத்து இல்லாம ஒரு டாக்டர் புருஷன்கிட்டகூட வாயைத் திறப்பாரா? அந்தக் கையெழுத்தைப் போட்டது நான். எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க, எங்கிட்ட பேச வேண்டாம்னு மட்டும் சொல்லுங்கன்னு கெஞ்சினதும் நான்."

ரெம்மர் அப்படியே உட்கார்ந்தார், அவளுக்கு எதிரில் இருந்த நாற்காலியில்.

"ஏன்?"

"எதையாவது ஒளிச்சு வைக்கிற வேலை இருந்தாத்தான் நீ உருப்படியா இருப்ப. ரெண்டு பேரும் மூஞ்சியை மூஞ்சி பாத்து அழுதுட்டே இருந்தா எனக்கு இருக்கிற நாள் அதுலயே போயிடும். மூணு மாசம் அழாம இருந்தியா இல்லையா?"

இருந்தார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு மூன்று மாசம் இருந்தார். இப்போது முடியவில்லை. அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஹில்கே முதலில் இறக்கைகள் இரண்டையும் பத்திரமாகப் பக்கத்து மேஜைமேல் எடுத்து வைத்தாள். அப்புறம் அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அழு" என்றாள். "வியாழக்கிழமை மூணு மணிக்கு மென்னோ வரான். அதுக்குள்ள முடிச்சுடு."