ஒரு மாலை நேர அணு உலை ஆதரவாளர்

"ஏன்னா, அவா கேட்டுக்குள்ள வந்தாச்சு! அந்த பேனரைக் கழட்டினேளா இல்லையா?" என்று சமையலறையிலிருந்து கத்தினாள் பட்டு.

சந்தானம் பால்கனியில் நாற்காலி மேல் நின்று கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 'ஐம்பது வருட அணு உலையை உடனே மூடு' என்று மராத்தியில் அலறும் எட்டடி பேனர். சிஞ்ச்வட் அடுக்குமாடி சொசைட்டியின் போராட்டக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் கிடைத்த பதவி. ஆனாலும் நாலு பேர் 'தலைவர்' என்று கூப்பிடவும் கொள்கைப் பிடிப்பு தானாக வந்துவிட்டது.

"நம்மாத்து வெந்நீர் கீஸருக்கு இருபத்திரண்டு வயசு. அதை மாத்த மனசு வரலை. ஊர் உலையை மூடணுமாம்!" என்று உள்ளிருந்தே நொடித்தாள் பட்டு.

வந்துகொண்டிருந்தவர்கள் பிள்ளை வீட்டார். பதினோரு வரன்களைத் தட்டிக்கழித்த மகள் வைஷாலி, இந்தப் பையன் ஷ்யாமுக்குத்தான் முதல் தடவையாகத் தலையாட்டியிருந்தாள். சந்தானம் ஜாதகத்தைக் கட்டம் கட்டமாக அலசியவர், பயோடேட்டாவை அன்று மதியம்தான் பிரித்தார். பையனின் அப்பா ராகவேந்திரா, அதே அணுமின் நிலையத்தில் சீனியர் இன்ஜினீயர்!

காலிங்பெல் அடித்தது. பதற்றத்தில் பேனரை டைனிங் டேபிளில் போட்டு, அதன் மேல் பூப்போட்ட துணியை விரித்தார்.

சொஜ்ஜி, பஜ்ஜி வந்தன. ஷ்யாமும் வைஷாலியும் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடியாகப் போனபோது ராகவேந்திரா காபியைக் கொட்டிவிட்டார். துடைப்பதற்காகத் துணியைத் தூக்கினால், உள்ளே கொட்டை எழுத்தில் 'அணு உலை'.

"இது என்ன?"

"மாடி வீட்டுக்காரன் கட்டினது சார். பாக்கவே பிடிக்கலை. கழட்டிண்டு வந்து டேபிளுக்குப் போட்டுட்டேன்."

ராகவேந்திராவின் முகம் மலர்ந்தது. அவர் மனைவியோ கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டாள். வந்ததிலிருந்து வாயே திறக்காத அம்மாள். நம்பவில்லை போலிருக்கிறது என்று சந்தானம் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"இன்னும் இருபது வருஷம் ஓடணும் சார்! பழசுக்கு ஈடு உண்டா? எங்காத்து கீஸரையே பாருங்கோ!"

அம்மாளின் முகம் இன்னும் இறுகியது.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு ஜோக்ளேகர் கதவைத் தட்டி, "சந்தானம்ஜி, சலியே! மோர்ச்சா ரெடி!" என்று ஊர்வலத்துக்குக் கூப்பிட்டார்.

"எந்த மோர்ச்சா? நான் வரமாட்டேன். உலை சாலூ ரஹ்னா சாஹியே! ஓடிண்டே இருக்கணும்!" என்று முழங்கினார் சந்தானம். ஜோக்ளேகர் வாயைப் பிளந்தபடி திரும்பிப் போனார்.

ராகவேந்திரா நெகிழ்ந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். உலையின் ஆயுளை நீட்டிக்கக் கோரும் மனு. சந்தானம் கையெழுத்துப் போட்டார். அம்மாளின் முகம் அப்போதும் தெளியவில்லை. அவளை நம்பவைக்க, சந்தானம் பட்டுவையும் மகளையும் போடச் சொன்னார். வைஷாலி அப்பாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஷ்யாமுக்காகப் போட்டாள்.

"சம்பந்தின்னா இப்படின்னா இருக்கணும்!" என்றார் ராகவேந்திரா.

பட்டு நிம்மதியாகத் தாம்பூலத் தட்டோடு வந்தாள். ஷ்யாமின் அம்மா அதைத் தொடாமல், கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க போராட்டத் தலைவர்னு கேள்விப்பட்டுத்தான் மாமா இந்த வரனையே நான் தேடிப் பிடிச்சேன், அந்த உலையை மூடினாத்தானே இந்த மனுஷர் ரிட்டையராகி ஆத்துக்கு வருவார்!"