வேரில்லாத பூவைக் கண்டுபிடித்தவன்

இருபத்தெட்டு வயது வரை எனக்குத் தெரிந்த பறவைகள் மூன்று: காகம், கோழி, பொரித்த கோழி. பதுளைக் கடைவீதியில் துணிக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் எதற்கு? ஆனாலும் பசறைக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று, பெண்ணான சுகந்தி டீச்சர் கேட்டதும், "பறவை பாப்பேங்க" என்று சொல்லிவிட்டேன். எதிர்ச் சுவரில் ஒரு குருவிப் படம் மாட்டியிருந்தது. (தையல் மெஷின் படம் இருந்திருந்தால் தையல்காரன் ஆகியிருப்பேன்.)

அந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான். வடக்கிலிருந்து வந்து தங்கும் குருவிகள் பங்குனி முடிவில் திரும்பிவிடும், அதற்குள் சனிக்கிழமை தேயிலைத் தோட்டத்துக் காட்டோரம் போய்ப் பார்க்கலாம், சம்மதமா இல்லையா என்பதை அதன் பிறகு சொல்கிறேன் என்று தகவல் அனுப்பினாள். எனக்கோ அவளை ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டில் தூங்கியிருப்பேன்.

சனிக்கிழமை காலையில் அவளும், தோட்ட ஆபீஸ் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற அவள் அப்பாவும், இரவல் பைனாக்குலரோடு நானும் மலையேறினோம். காட்டுக்குள் ஆறுமணிக்குருவி கத்தியது. நான் பைனாக்குலரில் மஞ்சளாக ஒன்றைப் பிடித்து, மூச்சையடக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன்.

"அது பழுத்த எலைங்க, தம்பி" என்றார் அவள் அப்பா, மிகவும் மரியாதையாக.

பறவையில் போன மானத்தைப் பூவில் மீட்பதென்று தீர்மானித்தேன். காட்டோரமெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னப் பூக்கள். அவற்றின் பெயர்கள் அவளுக்குத் தெரியும் என்பதால் கிட்டப் போகவில்லை. இறங்கும் வழியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கல்லின் முன்னால், ஊதாப் பூ ஒன்று தனியாக நிமிர்ந்து நின்றது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். (காட்டுப் பூவைப் பிடுங்கவே கூடாதாம். அதுவும் தெரியாது.) சிரமமே இல்லாமல் கையோடு வந்தது.

"இதுக்கு வேரே இல்லையே" என்றாள் சுகந்தி.

"அதுதான் இதோட விசேஷம். அபூர்வமான ஜாதி. பனியைக் குடிச்சே வளரும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினால், கொழுந்துக் கூடைகளோடு இருபது பெண்கள் நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற அஞ்சலையக்கா சொன்னார்: "அது மொளைச்ச பூ இல்லீங்க, தம்பி. சாமிக்கு நான் குத்தி வச்சது."

செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்கிய மலை மறுபடி துளிர்த்து முதல் கொழுந்து எடுக்கும் நாளில், கொழுந்துச்சாமிக்குப் பூ வைத்துக் கும்பிட்ட பிறகுதான் யாரும் செடியைத் தொடுவார்கள். அந்தக் கல்தான் சாமி. தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் வளர்ந்தும் இது எனக்குத் தெரியாது. என்னால் அன்றைய வேலையே நின்றுபோனது. பூவை இருந்த இடத்தில் குத்திவைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அது போதாதாம். பூவை எடுத்த கையாலேயே சாமிக்கு முதல் பிடி கொழுந்தும் எடுத்து வைக்க வேண்டுமாம்.

ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி குடிப்பவன்தான் நான். அகப்பட்டதையெல்லாம் உருவிக்கொண்டு போய் நீட்டினேன். அஞ்சலையக்கா அதை விரலால் கிளறிப் பார்த்தார்.

"இது ஆட்டுக்குங்க. சாமிக்கு எடுங்க."

நான்காவது பிடியைத்தான் சாமி ஏற்றுக்கொண்டது. அதுவரை இருபது பெண்களும் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவள் அப்பா வேறு திசையில் மும்முரமாகக் குருவி தேடினார்.

இறங்கும்போது சுகந்தியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பறவை தெரியாது, பூ தெரியாது, பைனாக்குலர் பக்கத்துக் கடைக்காரருடையது. இனி இவள் நமக்கில்லை என்றே நினைத்தேன். அவள் சொன்னாள்: "நாலு தரமும் ஓடாம நின்னீங்கல்ல, அது போதும். குருவிய நான் சொல்லித் தர்றேன்."

பதினோரு வருஷமாகச் சொல்லித் தருகிறாள். வாலாட்டிக் குருவியை இப்போது நானே அடையாளம் சொல்லிவிடுவேன். நாங்கள் பசறையிலேயே குடியிருக்கிறோம். தோட்டத்தில் எந்த மலையில் முதல் கொழுந்து எடுத்தாலும், அன்று காலையில் அஞ்சலையக்காவிடமிருந்து சுகந்திக்கு போன் வந்துவிடும்.

"சாமிக்குப் பூ வச்சிட்டோம், டீச்சர். பத்து மணி வரைக்கும் தம்பிய வெளிய விட்றாதீங்க."