ஆறாவது விரல்

"இந்தப் பொம்பளைக்கு ஆறு விரல் இருக்கே," என்றார் கணவர், டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு.

ஓவியக்காரியின் தூரிகை அப்படியே நின்றது. பழைய விளம்பரப் படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வரைவது அவள் வழக்கம். இம்முறை மாமியாரின் பிஸ்கட் டப்பா மூடியில் கோப்பையோடு சிரிக்கும் பெண். மூன்று மாதமாக ஒரு கீறல், ஒரு துரு விடாமல் கேன்வாஸில் ஏற்றியிருந்தாள். நாலு மணிக்கு கேலரிக்காரர் வருகிறார். அவருக்குப் பிடித்தால்தான் அவளுடைய முதல் தனிக் கண்காட்சி.

படத்தில் எண்ணினாள். ஆறு. டப்பாவில் எண்ணினாள். அங்கேயும் ஆறுதான். கடைசி விரல் மட்டும் துரு ஏறாமல் பளபளவென்று இருந்தது.

"மூணு மாசத்துல எனக்கு எண்ணத் தோணலையே."

"எனக்குச் சின்ன வயசுல இருந்தே கண்ணு கூர்மை," என்றார் கணவர்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "என் டப்பா எப்பம்மா கிடைக்கும்? பொத்தான் எல்லாம் சர்க்கரை ஜாடியில கிடக்கு."

"இன்னிக்குத் தந்துடுறேன் அத்தை."

அவள் அவசரமாக ஆறாவது விரலை மறைத்தாள். கை சூம்பிப்போன மாதிரி ஆனது. அதை மறைக்கக் கோப்பையைப் பெரிதாக்கினாள். கோப்பை உதட்டை மறைத்தது, சிரிப்பு போனது.

"கண்ணுல கொஞ்சம் சிரிப்பு வை," என்றார் கணவர்.

வைத்தாள். மாறுகண் வந்துவிட்டது.

"கண்ணாடி போட்டுட்டா தெரியாது."

போட்டாள். டப்பா அழகி இப்போது பஸ்ஸைத் தவறவிட்ட தலைமையாசிரியை மாதிரி முறைத்தாள்.

வாசல் மணி அடித்தது.

கேலரிக்காரர் படத்தைப் பார்த்தார். போன வாரம் அவள் அனுப்பிய புகைப்படத்தைச் செல்போனில் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஆறாவது விரல் எங்கம்மா?"

"அது தப்புன்னு..."

"அதுக்காகத்தானே நான் வந்ததே. கம்பெனிக்காரன் சொன்னதை வரைஞ்சு கொடுக்கிற வேலையில, பேர் தெரியாத ஒரு கலைஞன் ஒரு விரலைக் கூட்டி வச்சிருக்கான். எவ்வளவு பெரிய கலகம் அது. கண்காட்சிக்கே 'ஆறாவது விரல்'னுதான் பேர் வைக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடியிலிருந்த வண்ணம் எப்போதோ காய்ந்துவிட்டது. இன்று பூசியது மட்டும்தான் ஈரம். டர்பன்டைனில் துணியை நனைத்து, மேலே இருந்ததை மட்டும் மெதுவாகத் துடைத்தாள். கண்ணாடி போனது. மாறுகண் போனது. கோப்பை இளைத்தது. ஆறாவது விரல் பத்திரமாக வெளியே வந்தது.

"முன்சுவர் முழுக்க உங்களுக்குத்தான்," என்றார் கேலரிக்காரர்.

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அந்த விரல்ல ஏதோ விஷயம் இருக்குன்னு நான் காலையிலேயே சொன்னேன்," என்றார் கணவர்.

மாமியார் சர்க்கரை ஜாடியோடு வந்து டப்பாவை எடுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்கம்மா, அதையும் கண்காட்சியில வைக்கணும்," என்று தடுத்தார் கேலரிக்காரர். "அந்த விரலை வரைஞ்ச கலைஞன் யாருன்னு எப்படியாவது கண்டுபிடிக்கணும்."

மாமியார் பொத்தான்களை டப்பாவில் கொட்டியபடியே மகனைக் காட்டினார்.

"இதோ நிக்கிறானே. நாலு வயசுல என் நெயில் பாலிஷை எடுத்து வரைஞ்சு வச்சான், அன்னிக்கே முதுகுல ரெண்டு கொடுத்துட்டேன்."